பதினான்கு நல்ல நம்பரா? ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிக்கும் விதம்

அண்ணன் மகள் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்திருக்கிறாள். துறையில் இரண்டு பேராசிரியர்களில் ஒருவரைக் கைடாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அந்த இருவரில் ஒருவருடைய பக்கம். வலது ஓரத்தில் மூன்று எண்கள்: மேற்கோள்கள் 1,126, எச்-இன்டெக்ஸ் 14, ஐ10-இன்டெக்ஸ் 17. அதற்குக் கீழே அவள் கேள்வி: "சித்தப்பா, 14 நல்ல நம்பரா?"

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பதவி உயர்வு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என் சைட்டேஷன் எவ்வளவுன்னு எடுத்துக் கொடுங்க சார்" என்று வந்து நிற்கும் டாக்டர்களோடுதான் என் பாதிப் பொழுது போனது. ஆனாலும் அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று எழுதிவிட்டுப் படுத்தேன். மறுநாள் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மேற்கோள் நமக்குப் புதிதில்லை. பழைய உரையாசிரியர்கள் ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது முன்னோர் பாடலைத் துணைக்கு அழைப்பார்கள். மூலநூல் தொலைந்துபோய், உரையில் காட்டிய மேற்கோளாக மட்டும் பிழைத்திருக்கும் பாடல்கள் உண்டு. ஆய்வுக்கட்டுரையிலும் இதே பழக்கம்தான். "தமிழகக் கிராமங்களில் சர்க்கரை நோய் கூடிவருகிறது" என்று ஒருவர் எழுதினால், அதை யார் கண்டு சொன்னது என்று காட்ட வேண்டும். மருத்துவ இதழ்களில் அந்த வரியின் முடிவில் ஒரு சின்ன எண் இருக்கும். கட்டுரையின் கடைசியில் அதே எண்ணில் முழு விவரம் இருக்கும். 1978-ல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசி இந்த முறைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். அதனால் இதை வான்கூவர் முறை என்பார்கள்.

நான் இன்னொருவர் கட்டுரையைக் குறிப்பிட்டால் அவருக்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை எடுக்க, உலகில் வரும் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களையெல்லாம் யாராவது படித்துப் பதிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டார். யோசனை அவருக்கு வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று தேடிப் பார்க்கும் அட்டவணை அமெரிக்க வக்கீல்களிடம் 1873-லிருந்தே இருந்தது. அதையே அறிவியலுக்கும் செய்யலாமே என்று 1955-ல் எழுதினார். 1964-ல் செய்தும் காட்டினார். அவர் செய்தது ஒரு தேடு கருவி. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. ஆளை எடைபோடும் தராசாக அது மாறியது அப்புறம்தான்.

சரி, எச்-இன்டெக்ஸ். இதைக் கொண்டுவந்தவர் மருத்துவர் இல்லை. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். 2005-ல். எத்தனை கட்டுரை எழுதினார் என்று மட்டும் பார்த்தால் குப்பையை அடுக்கியவர் ஜெயித்துவிடுவார். மொத்த மேற்கோளை மட்டும் பார்த்தால், எங்கோ ஒரு பிரபலக் கட்டுரையில் ஒட்டிக்கொண்டவர் ஜெயிப்பார். இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்த்தார் ஹிர்ஷ்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு டாக்டர், பத்துக் கட்டுரை. மேற்கோள்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுகிறேன்: 84, 41, 19, 11, 7, 6, 6, 2, 1, 0. இப்போது முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் கட்டுரைக்கு 84, ஒன்றைவிடப் பெரியது, சரி. ஐந்தாவதற்கு 7, சரி. ஆறாவதற்கு 6, இதுவும் சரி. ஏழாவதற்கும் 6, ஏழுக்கு ஒன்று குறைகிறது. அங்கே நின்றுவிட வேண்டியதுதான். இவருடைய எச்-இன்டெக்ஸ் 6. அதாவது, குறைந்தது ஆறு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் இவரிடம் ஆறு இருக்கின்றன. ஐ10 இன்னும் எளிது: பத்து மேற்கோளைத் தொட்ட கட்டுரைகள் எத்தனை? நான்கு. மொத்த மேற்கோள் 177.

இதே பட்டியலைக் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம். அந்த 84 ஒரே இரவில் 8,400 ஆகிறது என்று வையுங்கள். உலகமே அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறது. எச்-இன்டெக்ஸ்? அதே 6. இப்போது வேறு மாதிரி. டாக்டர் அடுத்த கட்டுரை எழுதுகிறார். அதன் கடைசிப் பக்கத்தில் தன்னுடைய ஆறாவது, ஏழாவது கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டிவிடுகிறார். இரண்டுக்கும் 7 ஆயிற்று. எச்-இன்டெக்ஸும் 7. உலகம் பேசியபோது அசையாத எண், சொந்தக் கையால் இரண்டு வரி சேர்த்ததும் ஏறிவிட்டது. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமில்லை. ஒரே நோயைப் பதினைந்து வருடம் ஆராய்கிறவர் தன் பழைய வேலையைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? அளவுதான் விஷயம். மேற்கோள் எண்ணும் தரவுத்தளமான ஸ்கோபஸில் சுயமேற்கோளை நீக்கிவிட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. ஒரு தடவை நீக்கிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இன்னொன்று, எச்-இன்டெக்ஸ் ஒருபோதும் இறங்காது. ஓய்வு பெற்று ஊரில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். முப்பது வருட அனுபவக்காரரின் 20-ஐயும் எட்டு வருடக்காரரின் 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

"ஆனா சித்தப்பா, காலேஜ் வெப்சைட்ல அவருக்கு 9-ன்னு போட்டிருக்கே?" என்றாள். பொய் இல்லை. அது ஸ்கோபஸ் கணக்காக இருக்கும். கூகுள் ஸ்காலர் இணையத்தில் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும்: ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இன்னும் மதிப்பாய்வுக்கே போகாத முன்வரைவு. ஸ்கோபஸும், அதே மாதிரி இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளுக்குள் மட்டும் எண்ணும். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண், கூகுளில்தான் பெரும்பாலும் அதிகம். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் கொடுத்த எண், கிலோவா பவுண்டா என்று சொல்லாத எடை மாதிரி. டாக்டர்கள் தினமும் திறக்கும் பப்மெட் கட்டுரை தேடும் இடம். மேற்கோள் எண்ணுவது அதன் முதல் வேலை இல்லை.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அதிகம் அடிபடுவது நம் ஆட்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. இதழின் விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் கொடுத்தால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். ஆர். பிரியா என்ற பெண் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அங்கே போடுவார். கட்டுரை வெளிவரும்போது 'ராமசாமி பி.' என்று வரும். அவர் செய்த ஆய்வு அப்பா பெயரில் மேற்கோள் காட்டப்படும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறினால் அடுத்த கட்டுரை 'செந்தில்குமார் பி.'. தரவுத்தளத்தின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர். மறுபக்கம், 'குமார் எஸ்.' என்ற ஒரே பெயரின் கீழ் எலும்பு மருத்துவரும் மீன்வள ஆய்வாளரும் கலந்து கிடப்பார்கள். இதற்காகத்தான் 2012-ல் ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் வந்தது, இலவசம். முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே ஒன்று வாங்கிக்கொள், எந்தப் பெயர் வடிவம் என்றும் முடிவுசெய்துகொள் என்று அவளிடம் சொன்னேன். அன்று பேசியதில் உடனே பயன்பட்ட அறிவுரை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவளுக்கு இரண்டு கட்டுரைகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் இந்தியாவிலிருந்து போனவை. இரண்டும் 1959-ல் வந்தவை.

முதலாவது கல்கத்தாவில் சம்பு நாத் டே எழுதியது. காலரா எப்படிக் கொல்கிறது என்பது அப்போது தீராத கேள்வி. நோயாளியின் உடலிலிருந்து தண்ணீர் குடல் வழியாகக் கொட்டிப்போகிறது. கிருமி அதை எப்படிச் செய்கிறது என்று தெரியவில்லை. டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டினார். காலராக் கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத நீரை மட்டும் அதற்குள் செலுத்தினார். குடல் துண்டு நீர் கோத்துப் பலூன் மாதிரி வீங்கியது. ஆக, கிருமி வெளியே விடும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரை இழுக்கிறது. ராபர்ட் கோக் 1884-ல் ஊகமாகச் சொன்னதற்கு எழுபத்தைந்து வருடம் கழித்து ஆதாரம் கிடைத்தது. நேச்சர் இதழில் இரண்டே பக்கம்.

வந்தபோது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காலரா நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சி பிற்பாடு சூடுபிடித்தபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்து, இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டாரே என்றார்கள். 1978-ல் நோபல் கருத்தரங்குக்கு டேயை அழைத்தார்கள். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார். 1985-ல் டே இறக்கும்வரை இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. மறு வருடம் அவரைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர், மேற்கோள் அட்டவணையை உண்டாக்கிய அதே கார்ஃபீல்டு. காலரா ஆராய்ச்சியின் மேற்கோள் வலையை வரைந்து பார்த்து, தொடக்கத்தில் கவனிக்கப்படாத அந்தக் கட்டுரை இன்று மைல்கல்லாக மதிக்கப்படுகிறது என்று எழுதினார். அட்டவணையின் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் தெரிகிறது: யாருடைய கடன் எங்கே பாக்கி என்று காட்டுகிறது. ஆனால் 1962-ல் டேயின் மேற்கோளை எண்ணி அவருக்குப் பதவி உயர்வு தரலாமா என்று ஒரு குழு உட்கார்ந்திருந்தால், அவர் தேறியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது கட்டுரை சென்னையிலிருந்து. அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. அத்தனை பேருக்குப் படுக்கை இங்கே எங்கே இருந்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் சென்னையில் ஒரு மையம் திறந்தன. 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீடு என்றால் நெரிசலும் அரைவயிறும்தான். அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயமும் அதனால் கூடவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இருக்கிறது.

கட்டுரையை எழுதியது யார்? 'காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மெட்ராஸ்'. ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிய நர்ஸுக்கும் சரி, மருத்துவருக்கும் சரி, அதிலிருந்து எச்-இன்டெக்ஸில் ஒரு புள்ளிகூட ஏறாது.

இதற்கு நேர் எதிர்முனையும் இருக்கிறது. உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்று பேர் வாங்கியது 1951-ல் ஆலிவர் லௌரியும் கூட்டாளிகளும் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல். அதில் இருப்பது ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழிமுறை. சோதனைக்கூடத்தில் புரதம் அளந்தவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். 2014-ல் நேச்சர் வெளியிட்ட முதல் நூறு பட்டியலில் டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரைக்கு இடமே இல்லை. கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டால் யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் காட்டுவார்கள். அம்மியைக் கொத்திக் கொடுத்தவர் பெயர் ஒவ்வொரு சமையலிலும் சொல்லப்படுகிற மாதிரி.

இதழ்களுக்கும் இப்படி ஓர் எண் இருக்கிறது, இம்பாக்ட் ஃபேக்டர். ஓர் இதழ் முந்தைய இரண்டு வருடத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் வந்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சராசரிதானே, ஒரே ஒரு யானை ஏறினாலும் தராசு சாய்ந்துவிடும். லான்செட் இதழின் எண் 2020-ல் 79.3. 2021-ல் 202.7. இதழாசிரியர் குழு திடீரென்று இரண்டரை மடங்கு புத்திசாலியாகிவிடவில்லை. வூஹானின் முதல் 41 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2020 ஜனவரியில் அங்கேதான் வந்தது. கொரோனா பற்றி எழுதியவர்கள் அதைத் தொடாமல் எழுதவில்லை. 2023-ல் 2020-ஆம் வருடக் கட்டுரைகள் கணக்கிலிருந்து விலகின, எண் 98.4 என்று இறங்கியது. அதனால் 'இவ்வளவு இம்பாக்ட் ஃபேக்டர் இதழில் போட்டிருக்கிறார்' என்பதை ஆளின் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கையே விட்டார்கள். நம் ஊர்த் தேர்வுக் குழுக்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கின்றன.

மேற்கோள் எல்லாம் பாராட்டும் இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது. 2010-ல் லான்செட் அதை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. ஆயிரத்துக்கு மேல் மேற்கோள்கள் அதற்கு. பெரும்பாலானவை அது தவறு என்று சொல்வதற்காகக் காட்டியவை. எண்ணும் இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்றுதான், வாழ்த்தும் ஒன்றுதான்.

வருடா வருடம் செய்தித்தாளில் வரும் 'உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலையும் கேட்டாள். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பார்த்தாளாம். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருது இல்லை. அங்கே பணிபுரியும் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடும் கணக்கு. ஒன்றை மட்டும் அதில் பாராட்ட வேண்டும்: ஆசிரியர் வரிசையில் பெயர் எங்கே இருக்கிறது என்று அது பார்க்கிறது.

மருத்துவத்தில் வரிசை முக்கியம். வேலையைச் செய்து கட்டுரையையும் எழுதியவர் முதலில். வழிகாட்டி, பொறுப்பேற்றவர் கடைசியில். நடுவில் இருப்பவர்கள் அவரவர் பங்குக்கு. சில இடங்களில் பங்கே இல்லாமல், துறைத் தலைவர் என்ற மரியாதைக்காகவும். அப்படிப் போடக் கூடாது என்று விதி இருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, வெளியிடும் முன் ஒப்புதல், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு; நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். விதி இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். உலக நோய்ச் சுமை ஆய்வு போன்ற பெரிய கூட்டுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். ஆயிரக்கணக்கில் மேற்கோள் வரும். முந்நூறாவது பெயருக்கும் முழு மேற்கோளும் எழுதப்படும்.

"அந்த சார் பக்கத்துல முதல்ல இருக்கிற கட்டுரையைத் திற" என்றேன். திறந்தாள். 1,126-ல் 610 அந்த ஒன்றுக்கே. பல நாடுகள் சேர்ந்து செய்தது. பெயர்ப் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது, நடுவில் எங்கோ அவர். "அதை விட்டுடு. மீதியில ஒவ்வொண்ணா பாரு. முதல் பேரு யாரு, கடைசிப் பேரு யாருன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுது."

அரைமணி நேரம் கழித்து ஃபோன் வந்தது.

"சித்தப்பா, பதினோரு கட்டுரையில அவர் கடைசியில இருக்காரு. அந்தப் பதினொண்ணுலயும் முதல் பேரு ஒவ்வொரு வருஷத்து பி.ஜி. ஸ்டூடண்ட்டோடது. எங்க சீனியர் அக்கா பேருகூட இருக்கு."

"இன்னொரு சாருக்கு?"

"அவருக்கு எச்-இன்டெக்ஸ் 22. ஆனா எல்லாத்துலயும் அவர் பேருதான் முதல்ல இருக்கு. ஸ்டூடண்ட்ஸ் ரெண்டாவது, மூணாவது."

"உன் தீசிஸை யார் எழுதப் போறா?"

"நான்தான்."

"அப்போ 14 சார்கிட்ட போய்க் கேளு. போறதுக்கு முன்னாடி அந்த சீனியர் அக்காவுக்கு ஒரு ஃபோன் போடு."